ஐந்தாவது குருவி

இன்றைய லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சந்தை விலை ஒன்றைச் சொல்கிறார். ஐந்து குருவி, இரண்டு காசு. மத்தேயு நற்செய்தியில் இதே பேச்சு வரும் இடத்தில் கணக்கு சற்று வேறு: இரண்டு குருவி, ஒரு காசு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது எப்படி வந்தது? காய்கறிக் கடையில் பேரம் பேசிப் பழகிய நம் தாய்மாரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அது கொசுறு. நான்கு வாங்கியவருக்கு ஒன்று சும்மா. குருவி அந்தக் காலத்தில் ஏழைகள் வாங்கித் தின்ற மலிவான இறைச்சி. அதிலும் இந்த ஐந்தாவதற்கு விலையென்று ஒன்றே கிடையாது. விற்றவர் அதை எண்ணவில்லை, வாங்கியவர் அதற்குக் காசு தரவில்லை. அந்தக் குருவியைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு.

இதைக் கேட்டதும் நாம் உடனே நம்மிடம் வந்துவிடுகிறோம். குருவியையே மறக்காதவர் என்னை மறப்பாரா? உண்மைதான், பயந்துபோயிருந்த சீடர்களுக்கு இயேசு தந்த ஆறுதலே அதுதான். ஆனால் அவ்வளவு அவசரமாகக் குருவியை விட்டுவிட்டு வந்துவிட வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்று மாலை கொஞ்ச நேரம் குருவியோடேயே இருப்போம்.

மலைப்பொழிவை நினைத்துப் பாருங்கள். பகைவரை அன்பு செய்யச் சொன்னவர், மறைவாக மன்றாடச் சொன்னவர், அதே மலையில், அதே மக்களிடம், வானத்துப் பறவைகளைப் பார்க்கவும் சொன்னார். முதல் இரண்டையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவதை மட்டும் ஏதோ பேச்சுக்குச் சொன்னதாக நினைத்துத் தாண்டிப் போகிறோம். இங்கிலாந்தில் ஜான் ஸ்டாட் என்ற ஆங்கிலிக்கன் குரு இருந்தார். உலகம் முழுக்க இறைவார்த்தை அறிவிக்கப் போனவர். போன நாடுகளில் எல்லாம் பறவைகளையும் தேடிப் பார்த்தவர். பறவைகள் நமக்கு ஆசிரியர்கள் என்று 1999-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆண்டவர் பார்க்கச் சொன்னால் பார்ப்பதுதான் கீழ்ப்படிதல் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்கும் உண்டு.

பறவைகளைப் பார்ப்பதற்காகவே தீவுகளுக்கும் மலைக்காடுகளுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் பங்கு மக்களுக்குப் போர்ட் பிளேயர் கப்பல் நன்றாகத் தெரியும். அந்தமான் கடலில், அந்தத் தீவுக் கூட்டத்திலிருந்து விலகிக் கிழக்கே நார்கொண்டம் என்றொரு தீவு தனியாக நிற்கிறது. அடங்கிப்போன எரிமலை அது. மொத்தப் பரப்பும் எட்டு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவை இந்த உலகத்தில் அந்த ஒரு தீவில் மட்டும்தான் வாழ்கிறது. முட்டையிடும் காலம் வந்ததும் தாய்ப்பறவை ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். ஆண் பறவை காட்டில் அத்திப்பழம் தேடிக் கொண்டுவந்து, அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். வாரக்கணக்கில் இது நடக்கும். வெளியே போனது திரும்பி வரவில்லையென்றால் உள்ளே இருக்கிற குடும்பம் என்ன ஆகும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் தமிழ்நாட்டு மலைகளுக்கு வருவோம். பழனி மலைச் சோலைகளில் பழனிச் சிரிப்பான் என்று ஒரு பறவை உண்டு. அதன் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. சாமுவேல் ஃபேர்பேங்க் மராட்டிய நாட்டில் ஊழியம் செய்த அமெரிக்க மறைப்பணியாளர். பழனி மலைக்கு வந்த இடத்தில் இந்தப் பறவையைக் கவனித்துச் சேகரித்தார். 1869-இல் அறிவியல் உலகம் அதற்கு அவர் பெயரையே வைத்தது. அதே மலையில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருமாணவர்கள் படித்த அந்த இடத்தில்தான் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பூச்செடிகளும் சேர்ந்து ஓர் அருங்காட்சியகமாகின. செபிக்கிற நேரமும் பறவையைக் குறித்து வைக்கிற நேரமும் வேறு வேறு என்று அந்தச் சாமியார்கள் நினைக்கவில்லை.

ஆண்டுத் தியானத்துக்குக் கொடைக்கானல் போயிருந்தபோது ஒரு காலை நேரம் சோலைக்குள் நுழைந்தேன். வெயில் உள்ளே இறங்காத காடு. மரங்களில் பாசி ஈரத்தோடு தொங்கியது. கால்மாட்டில் ஓடை. அதன் கரையில், என் முழங்கால் உயரத்தில், ஒரு குச்சியின் மேல் கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடச் சிறியது. உடம்பு முழுக்கத் தணல் நிறம். தலையும் இறக்கையும் கன்னங்கறுப்பு. சருகின் மேல் ஏதோ அசைந்தது. டக்கென்று இறங்கி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு, புறப்பட்ட அதே குச்சிக்கே திரும்பி வந்தது. கீச்சென்று ஒரு மெல்லிய குரல், பூச்சி கத்துவது போல. மறுபடி இறங்கியது, மறுபடி அதே குச்சி. நான் நின்றதைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. நான் பார்ப்பதற்காக அது அழகாக இல்லை. நான் பிறக்குமுன்பே, மனிதக் காலடி படாத காலத்திலேயே, அந்த ஓடைக்கரையில் அந்தத் தணல் நிறம் இருந்திருக்கிறது. யோபுவிடம் ஆண்டவர் கேட்கிற கேள்விகள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆளில்லாத நிலத்தில் மழை பெய்விப்பது யார், பருந்து தென்திசை நோக்கிச் சிறகு விரிப்பது உன் அறிவினாலா என்ற பொருளில் அவர் கேட்பார். நம் கண்ணுக்குப் படாத இடத்திலும் கடவுளுக்குக் கவனம் இருக்கிறது. நம் பயனுக்கு வராததிலும் அவருக்கு மகிழ்ச்சி இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில் இதைத்தான் வலியுறுத்தினார்: ஓர் உயிரினம் அழிந்துபோனால், அது தன் வாழ்வால் கடவுளுக்குச் செலுத்திவந்த புகழும் அதோடு நின்றுபோகிறது.

ஆனால் வடசென்னை டோல்கேட்டில் இருக்கிற நமக்குக் கொடைக்கானலும் அந்தமானும் எங்கே கைக்கு எட்டப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்டெய்னர் லாரி வரிசையில் மணிக்கணக்காக நிற்கிற டிரைவருக்கும், ஷிப்டு முடிந்து மெட்ரோவில் இறங்கி வருகிற பிள்ளைக்கும், பைனாகுலரை மாட்டிக்கொண்டு தீவு தீவாகப் போக நேரமும் பணமும் கிடையாது. அதற்கு ஆண்டவரின் ஏற்பாடு வேறு. நாம் போக முடியாத இடங்களிலிருந்து பறவைகள் நம்மிடம் வருகின்றன.

செபமாலை மாதம் பாதி கடந்துவிட்டது. இதோ மழைக்காலம் தொடங்கப்போகிறது. இந்த வாரங்களில் சைபீரியா, மங்கோலியா, நடு ஆசியாவின் ஏரிக்கரைகள் எல்லாவற்றிலும் இருந்து பறவைகள் இமயமலையைத் தாண்டி நம் கடற்கரைக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. வழியில் வரைபடம் இல்லை. எரேமியா இறைவாக்கினர் இந்தப் பயணத்தைத்தான் கண்டார். அவர் நாடும் பறவைகளின் பெருவழியில் இருந்த நாடு. நாரைக்கும் புறாவுக்கும் தங்கள் பருவம் தெரிகிறது, இந்த மக்களுக்கு மட்டும் ஆண்டவரின் நெறி தெரியவில்லையே என்று அவர் மனம் வெதும்பினார்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகருக்கு முன்பு ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அடுத்த முறை போனைக் கீழே வையுங்கள். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கப் போகிற இடம் அது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் சேறு தெரியும். அந்தச் சேற்றில் நடப்பதைத்தான் நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை. அது ஓடி ஓடி, சேற்றின் மேலே தலைகாட்டும் புழுவை மட்டும் கொத்தும். பவளக்காலிக்கு அதைவிட நீளமான அலகு. விரல் ஆழத்துக்குள் இருப்பது அதற்கு. கோட்டானுக்கு வளைந்து நீண்ட அலகு. முழு அலகையும் வளைக்குள் விட்டு நண்டை இழுக்கும். இன்னும் கொஞ்சம் ஆழமான தண்ணீரில் கூழைக்கடா மீனை வாரும். பூநாரை வந்தால் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை அரித்து இரை எடுக்கும். ஒரே சேறு, ஆனால் ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு ஆழம் என்று படைத்தவர் அலகிலேயே அளந்து வைத்திருக்கிறார். அதே தண்ணீரில் பழங்குடி இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தரையைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர்கள் வலை போடுகிறார்கள். எல்லாருக்கும் அந்த ஆறுதான் சோறு.

அந்த ஆற்றில் நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து, வருடக்கணக்காகச் சாம்பல் இறங்கி, கையால் தடவக்கூடிய சேறு பல இடங்களில் இறுகிப்போனது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் எர்ணாவூர்க் கரைவரைக்கும் கறுப்பாகத் திரண்டு வந்தது. வாளியால் அள்ளினார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்களில் சிலர் அந்த வாளியைப் பிடித்தவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டது. கூழைக்கடாக்கள் வெள்ளை நிறம் தெரியாமல் நின்றதைப் படங்களில் பார்த்தோம். இறகில் எண்ணெய் ஏறிவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். பறவை மிதக்க முடியாது, குளிர் தாங்காது. சுத்தம் செய்துகொள்ளத் தன் அலகால் இறகைக் கோதும். கோதக் கோத அந்த எண்ணெய் அதன் வயிற்றுக்குள்தான் போகும். பிழைப்பதற்காகச் செய்கிற காரியமே அதைக் கொல்லும்.

ஓசேயா இறைவாக்கினர் ஒரு நாட்டின் மேல் ஆண்டவரின் வழக்கைச் சொல்கிறார். பொய்யும் களவும் பெருகிய நாட்டில் நிலமே புலம்பும் என்கிறார். காட்டு விலங்கும் வானத்துப் பறவையும் கடல் மீனும்கூட அழிந்துபோகும் என்கிறார். அவர் வரிசையைக் கவனியுங்கள். மனிதர் தவறு செய்கிறார்கள், பறவையும் மீனும் போகின்றன. எண்ணூரில் பறவை போனபோது மீனும் போனது. மீன் போனபோது காட்டுக்குப்பத்து வீட்டு அடுப்பும் அணைந்தது. பறவையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஏழையைப் பற்றிக் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். எண்ணூர் வந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்த இடத்தில் அந்த ஐந்தாவது குருவிக்கு மறுபடி வருகிறேன். ஒரு பெரிய நகரத்துக்கு மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும், குப்பை கொட்ட இடம் வேண்டும். அதற்கெல்லாம் கணக்குப் போட்டபோது வடசென்னை மக்களின் மூச்சையும் கொசஸ்தலை ஆற்றையும் அதிலிருக்கும் உயிர்களையும் யாரும் விலையில் சேர்க்கவில்லை. நாமும் உப்புக்கொத்தியும் ஒரே கணக்கில்தான் விடுபட்டோம். இதை வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்டதை எண்ணுகிறவராக இயேசு தம் தந்தையை அறிமுகப்படுத்துகிறார். தந்தை எண்ணுவதை நாம் எண்ணாமல் விடுவது அவர் பிள்ளைகளுக்கு அழகல்ல. குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க வந்த மரியாவும் யோசேப்பும் ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாமல் இரண்டு பறவைகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நம் ஆண்டவரின் வீட்டுக் காணிக்கை அது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். அதுவும் மலைக்காட்டிலிருந்து வருகிற செய்திதான். நாகாலாந்தில் வோகா மாவட்டத்தில் பாங்டி என்றொரு கிராமம். தோயாங் ஆற்றில் அணை கட்டியபோது விளைநிலங்களை இழந்த ஊர். வேறு வழியின்றி அணைத் தண்ணீரில் மீன் பிடித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் அமூர் வல்லூறு என்ற சிறிய பறவை சைபீரியா, வடசீனப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில், லட்சக்கணக்கில் அங்கே இறங்கி இளைப்பாறும். நூற்றைம்பது கிராம் அளவு எடை இருக்கும். ஊர்க்காரர்கள் தங்கள் மீன்வலைகளையே மரங்களுக்கு இடையில் கட்டினார்கள். 2012-இல் அந்த ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பிடிபட்டதாக மதிப்பிட்டார்கள். படங்கள் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு, 2013-இல், ஒரு வல்லூறும் வலையில் விழவில்லை. வனத்துறையும் இயற்கை ஆர்வலர்களும் வந்தார்கள், உண்மை. ஆனால் முடிவெடுத்தது ஊர்ச் சபை. திருச்சபையும் அதை எடுத்துப் பேசியது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பாப்டிஸ்ட் சபையினர். கைக்கு வந்த காசை விட்டுவிட்டு ஏழை மக்கள் வலையைச் சுருட்டினார்கள். அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோகா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்த பறவை அரபிக் கடலை நிற்காமல் கடந்து ஆப்பிரிக்காவில் இறங்கியதை அவர்கள் கேள்விப்பட்டார்கள். அதே வல்லூறுகள் இந்த வாரத்திலும் அங்கே வந்துகொண்டிருக்கும்.

வலையைச் சுருட்டுவது என்றால் நமக்கு என்ன? நம்மிடமும் வலை இருக்கிறது, அன்பானவர்களே. நம் மொட்டை மாடிகளில் மாஞ்சா நூல் இருக்கிறது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்த நைலான் நூல் இன்னும் நம் தெருவில் கிடைக்கிறது. காக்கை, பருந்து, புறா மட்டுமல்ல, நம் பகுதியில் குழந்தைகளின் கழுத்தையே அறுத்திருக்கிறது அது. பெற்றோரே, இன்றிரவு பரணைப் பாருங்கள். இருந்தால் வெளியே எடுங்கள். வாசலில் கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் அன்பினால்தான் வைத்திருக்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்தக் கிளியைக் குஞ்சாகப் பொந்திலிருந்து எடுத்து விற்கிற வியாபாரம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூட்டில் தாய்ப்பறவை இருக்கையில் தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்கலாகாது என்று இணைச்சட்ட நூலிலேயே விதி இருக்கிறது. அப்படிச் செய்தால் உனக்கு நலமாகும், நெடுநாள் வாழ்வாய் என்ற வாக்கையும் அங்கே பார்க்கிறோம். இனி வாங்காதீர்கள். வைத்திருப்பவர்கள் திறந்து விட்டுவிடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்; பழக்கிய கிளி திடீரென்று வெளியே போனால் பிழைக்காது.

இன்னொன்று, பார்க்கப் பழகுவது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நின்று, என்ன பறவை, எத்தனை என்று எழுதி அனுப்பினால் போதும். நம் அன்பியங்கள் ஒவ்வொன்றும் வரும் பொங்கலுக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும்: மீன்பிடித் துறைமுகம், கல்லறைத் தோட்டம், ஆலய வளாகம். பருந்தும் ஆலாவும் மைனாவும் நம் ஊரின் பெயரில் பதிவாகட்டும். எண்ணூரில் அடுத்த முறை ஏதாவது நடந்தால், இங்கே இவை இருந்தன என்று சொல்ல நம்மிடம் எழுத்தில் ஆதாரம் இருக்கும். மறைக்கல்விப் பிள்ளைகளைப் பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று பெரியவர்கள் வெகுநாளாகக் கேட்கிறார்கள். பூநாரை இறங்கும் மாதங்களில் போவோம். மாதாவைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையிலும் நிற்போம்.

அதற்கு முன்பு நாளைக் காலை இளையோர் குழு எண்ணூர் ஆற்றங்கரைக்குப் போகிறது. நானும் வருகிறேன். பளபளக்கும் சட்டை வேண்டாம், மங்கிய நிறம் போதும். பைனாகுலர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இருப்பதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். தண்ணீர் பாட்டிலை அங்கே போட்டுவிட்டு வரக் கூடாது. பெயர் கொடுக்க நினைப்பவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பாட்டிமார், தாத்தாமார் வந்தாலும் மகிழ்ச்சிதான். ஆற்றில் முன்பெல்லாம் என்னென்ன வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நீங்கள்தான் வேண்டும்.